மெடிக்கெய்ட் மாற்றம் தள்ளிப்போகும்போது ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும்: வட கரோலினாவில் நாங்கள் பட்ட பாடு

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்புக்கு எப்படி மாறியது, அந்த மாற்றம் ஏன் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது என்பதைப் பற்றி ஆங்கிலச் செய்தித்தாள்கள் நிறையவே எழுதியிருக்கின்றன. சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார்கள், ஆளுநர் எந்த மசோதாவைத் தடுத்தார் என்ற விவரங்கள் எல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால், "மாற்றம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி, மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்போது என்னவெல்லாம் கலைந்துபோகும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தள்ளிவைத்துவிட்டார்கள் என்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படி இருப்பதில்லை. முகூர்த்தத்தை மாற்றினால் மண்டபக்காரரும் சமையல்காரரும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அதுபோலத்தான், சட்டம் ஓர் இடத்தில் நின்றாலும் மருத்துவமனைகளின் ஒப்பந்தங்கள், சிகிச்சைக்குக் காப்பீட்டிடம் வாங்கும் முன் அனுமதிகள், உதவியாளர்களின் வேலை நேரங்கள் எல்லாம் தம் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மாநிலத் தலைநகரான ராலேயைச் சுற்றியுள்ள ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்ட இந்நாளில், என் நிலையில் இன்னொரு தாயோ தந்தையோ நிற்கக்கூடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசமும் வலிப்பு நோயும் உண்டு. அவன் இங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். கணவருக்கு மென்பொருள் துறையில் நல்ல வேலை இருந்ததால், மெடிக்கெய்ட் என்பது நமக்குரியது இல்லை என்றே தொடக்கத்தில் எண்ணியிருந்தோம். அவனுக்கு நோயைக் கண்டறிந்த குழந்தை மருத்துவர்தான், இந்த மாநிலத்தில் இன்னொவேஷன்ஸ் வேய்வர் என்று ஒன்று இருக்கிறது, அறிவுத்திறன் மற்றும் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே உதவி கிடைக்க வழிசெய்வது அது, அதற்குப் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், உடனே பதிவு செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். பதிவு செய்த பின்பு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தோம். இன்றும் அந்தக் காத்திருப்புப் பட்டியலில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இடங்கள் எத்தனை என்பதைச் சட்டமன்றம் தன் பட்ஜெட்டில் தீர்மானிக்கிறது. 2023ஆம் ஆண்டு பட்ஜெட் கூடுதலாகத் தந்தவை 350 இடங்கள் மட்டுமே. ஆகவே, பிள்ளைக்கு இத்தகைய குறைபாடு இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். "அக்கா, அரசாங்க உதவி வாங்கினா கிரீன் கார்டுக்கு இடைஞ்சலாயிடும்னு சொல்றாங்களே, வேண்டாம் விட்டுடுங்க" என்று தமிழ்ப் பள்ளியில் ஒரு தங்கை அக்கறையோடு என்னைத் தடுத்தார். குடிமகனான பிள்ளை பெறும் உதவியைப் பெற்றோரின் குடியேற்ற விண்ணப்பத்துக்கு எதிராக எண்ணுவதில்லை என்று எங்கள் வழக்கறிஞர் எழுத்திலேயே உறுதி தந்தார். ஆட்சி மாறும்போது இந்த விதிகளைத் திருத்தும் முயற்சியும் நடப்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் காலத்தில் உள்ள நிலையைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சத்தினால் பதிவையே தள்ளிப்போட்டுவிட்டு, இருபது வயதுப் பிள்ளையோடு பட்டியலின் கடைசியில் நிற்கும் குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வேய்வர் கிடைத்த 2019ஆம் ஆண்டிலேயே மாநிலத்தில் பெரும் இழுபறி தொடங்கிவிட்டது. அதுவரை மெடிக்கெய்ட்டின் கீழ் மருத்துவர் பார்க்கும் ஒவ்வொரு சேவைக்கும் மாநில அரசே நேரடியாகப் பணம் கொடுத்துவந்தது. அதை மாற்றி, காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அவர்களே மருத்துவச் செலவைக் கவனிக்கட்டும் என்ற சட்டத்தைச் சட்டமன்றம் 2015இல் இயற்றியிருந்தது. 2019 நவம்பரில் சில வட்டாரங்களிலும் 2020 பிப்ரவரியில் மற்ற இடங்களிலும் அது நடைமுறைக்கு வரவேண்டும். மக்களுக்குக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் காலமும் தொடங்கியது. ஆனால் அந்த ஆண்டுப் பட்ஜெட்டில் மெடிக்கெய்ட்டை மேலும் பலருக்கு விரிவாக்க வேண்டும் என்று ஆளுநர் ராய் கூப்பர் கேட்க, குடியரசுக் கட்சியினர் தலைமையிலான சட்டமன்றம் மறுக்க, அவர் பட்ஜெட்டையே வீட்டோ செய்தார். மாற்றத்துக்கான பணத்தை மட்டும் தனியே பிரித்து ஒதுக்கும் மசோதா ஒன்றை அனுப்பினார்கள். அதையும் ஆகஸ்டு இறுதியில் தடுத்தார். பணமும் அதிகாரமும் இல்லாமல் மாற்றத்தைத் தொடங்க முடியாது என்று கூறி, நவம்பர் 19 அன்று மாநிலச் சுகாதாரத் துறை முழுத் திட்டத்தையும் நிறுத்திவைத்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விரிவாக்கம் வேண்டும் என்பதே என் எண்ணம். 2023இல் அது சட்டமாகி, ஏறத்தாழ 6 லட்சம் பேருக்கு வழி பிறந்தபோது மகிழ்ந்தேன். நான் இங்கே குறிக்க விரும்புவது வேறு: உங்கள் பிள்ளையின் மருத்துவ ஏற்பாட்டுக்கும் பட்ஜெட் சண்டைக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணியிருந்துவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் மெடிக்கெய்ட் தேதிகள் பெரும்பாலும் பட்ஜெட்டோடு கட்டப்பட்டே வருகின்றன. ஜூலை 1 அன்று பட்ஜெட் நிறைவேறாமல் இருந்தால், அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கவேண்டிய எந்த மாற்றத்தையும் உறுதியானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொதுவான பயனாளிகளுக்கான ஸ்டாண்டர்டு பிளான் 2021 ஜூலை 1 அன்று ஒருவழியாகத் தொடங்கியது. வேய்வரில் உள்ளவர்கள், கடுமையான மனநலச் சிக்கலோ போதைப் பழக்கச் சிக்கலோ உள்ளவர்கள், மூளைக் காயம் பட்டவர்கள் ஆகியோருக்கு டெய்லர்டு பிளான் என்று தனியாக ஒன்று பின்னால் வரும், அதுவரை பழைய ஏற்பாடே தொடரும் என்றார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாண்டர்டு பிளானில் இருப்பவருக்கு வேய்வர் சேவைகள் கிடையாது; வளர்ச்சிக் குறைபாட்டுக்கான வேறு சில சேவைகளும் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், காத்திருப்புப் பட்டியலில் இருந்த மகளைத் தானாகவே ஸ்டாண்டர்டு பிளானில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு வாராந்திர உதவி நின்றுபோன பிறகுதான் பெற்றோருக்கே விஷயம் தெரிந்தது. அதிலிருந்து வெளியே வருவதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. மருத்துவரோ சேவை வழங்குநரோ காரணம் எழுதித் தந்தால் மாற்றிவிடுகிறார்கள். மெடிக்கெய்ட் கடிதம் எது வந்தாலும், முதலில் அதில் எந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்களுக்கு உண்மையான அலைச்சல் 2022இல் வந்தது. டெய்லர்டு பிளான் டிசம்பர் 1 முதல் தொடங்கும், அதற்குள் மகனுக்கு ஒரு முதன்மை மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுக்காவிட்டால் நாங்களே ஒருவரை ஒதுக்கிவிடுவோம் என்று கோடையில் கடிதம் வந்தது. முதன்மை மருத்துவர் பிரச்சினை இல்லை, பழையவரே பட்டியலில் இருந்தார். நரம்பியல் மருத்துவமனைதான் இல்லை. அவன் சிறுவனாக இருந்தது முதல் பார்த்துவந்த மருத்துவமனை அது. தொலைபேசியில் கேட்டபோது, புதிய திட்டத்தோடு இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை, ஆகும் என்றும் சொல்ல முடியாது, ஆகவே டிசம்பர் மாதத்துக்குக் கொடுத்திருந்த நேரத்தை ரத்து செய்கிறோம் என்று கூறிவிட்டார்கள். கணவர் அப்போது வேலை நிமித்தமாக வாரம் முழுவதும் சார்லட் நகரில் தங்கியிருந்தார். ஊரிலிருந்து மாமியாரை வரவழைக்க விசா நேர்காணல் தேதி கிடைக்கவில்லை. மகனுக்கோ அந்த மாதங்களில் மருந்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தோம். காலையும் இரவும் லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்துத் திரவத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, இரண்டு கவளம் தயிர்சாதத்துக்கு நடுவே கொடுத்தால்தான் விழுங்குவான். அளவு கூடினால் நாள் முழுவதும் தூக்கம், குறைந்தால் வலிப்பு. அந்த நிலையில் நரம்பியல் மருத்துவர் இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அச்சமும் ஆத்திரமும் சேர்ந்து, இரவில் அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடியே விழித்திருப்பேன்.

தேடி அலைந்து, காரில் இரண்டு மணி நேரத் தொலைவில், புதிய திட்டத்தோடு ஒப்பந்தம் முடித்திருந்த ஒரு பெரிய மருத்துவமனையில் டிசம்பர் நடுவில் நேரம் வாங்கினேன். அவர்கள் தங்கள் இடத்திலேயே புதிதாக நீண்டநேர இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பரிசோதனை எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்கான முன் அனுமதியைப் புதிய திட்டத்திடம் கேட்டு விண்ணப்பித்தார்கள். இதற்கிடையில், செப்டம்பர் மாத இறுதியில், டெய்லர்டு பிளான் 2023 ஏப்ரல் 1க்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று மாநிலம் அறிவித்தது. மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போடவும் கணினி அமைப்புகளைச் சரிபார்க்கவும் அவகாசம் தேவை என்பது காரணம். என் அனுபவத்தில் அது முற்றிலும் உண்மையான காரணம்தான். செய்தியைக் கேட்டதும் உள்ளபடியே ஆறுதல் அடைந்து, பழைய மருத்துவமனையை மறுநாளே அழைத்தேன். எங்கள் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், அடுத்த காலியிடம் மே மாதத்தில்தான் என்றார்கள். ஆகவே தொலைவில் இருந்த மருத்துவமனைக்கே போனோம். அங்கே பரிசோதனைக்கு முன்பு ஒரு டேப்லெட்டை நீட்டி, காப்பீடு தராத தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துக் கேட்டார்கள். போடாவிட்டால் பரிசோதனை இல்லை. சில வாரங்கள் கழித்து 3,400 டாலருக்கு மேல் பில் வந்தது. கணவரின் அலுவலகக் காப்பீடு, அந்த ஆண்டில் ஏற்கெனவே ஒரு இ.இ.ஜி. எடுத்தாயிற்று என்று மறுத்திருந்தது. மெடிக்கெய்ட் தரப்பில் முன் அனுமதியே இல்லை என்றார்கள். ஏனென்றால், அனுமதி கேட்கப்பட்டது புதிய திட்டத்திடம்; பரிசோதனை நடந்த நாளிலோ, தள்ளிவைப்பின் காரணமாக, உடல்நலச் சிகிச்சைகளில் அந்தத் திட்டத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. தேதி மாறியதை மருத்துவமனையின் அனுமதிப் பிரிவு கவனிக்கவே இல்லை.

அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, திரும்பப் பெறுவதற்காகப் பல மாதங்கள் போராடினேன். அப்போது தெரிந்துகொண்ட ஒரு விதியை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மெடிக்கெய்ட்டில் பதிவு செய்துள்ள ஒரு மருத்துவமனை, நோயாளியை மெடிக்கெய்ட் நோயாளியாக ஏற்றுக்கொண்டு சிகிச்சை அளித்துவிட்டால், மெடிக்கெய்ட் கொடுப்பதையே முழுத்தொகையாக ஏற்கவேண்டும் என்று கூட்டரசு விதி இருக்கிறது. மீதியை நம்மிடம் கேட்கக் கூடாது. பொதுவாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் படிவம் இந்த விதியை மாற்றிவிடாது. இதை எடுத்துக்காட்டி எழுத்தில் முறையிட்ட பிறகுதான் பெரும்பகுதி திரும்பி வந்தது. பில் வந்தவுடன் பணம் கட்டாமல், "இவர் மெடிக்கெய்ட் பயனாளி, எந்த விதியின்படி எங்களிடம் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். முன் அனுமதி கேட்கும்போது, அதை வழங்கப்போவது யார், சிகிச்சை நடக்கும் தேதியில் அவர்களுக்கே அந்தப் பொறுப்பு இருக்கிறதா என்று மருத்துவமனையிடம் கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தள்ளிவைப்பு அறிவிப்பு வந்த அன்றே, பிள்ளைக்கு நிலுவையில் உள்ள எல்லா அனுமதிகளையும் பட்டியலிட்டு, ஒவ்வோர் அலுவலகத்தையும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விடமுடியாது.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு இழப்பும் நேர்ந்தது. வேய்வரின் கீழ் மாலை நேரங்களில் மகனோடு இருந்த உதவியாளர் பெண், மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டவர். மூன்றரை மணி ஆனால் இவன் தானே ஷூ மாட்டிக்கொண்டு கராஜ் கதவருகில் போய் நிற்பான்; அவர் கார் வந்ததும் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டுவான். அவரை வேலைக்கு வைத்திருந்த ஏஜென்சி, புதிய திட்டத்தில் கட்டணம் எவ்வளவு, பணம் எப்போது வரும் என்பது தெளிவாகும்வரை நேரத்தைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னது. குறைந்த நேரத்துக்குக் குறைந்த சம்பளம் என்றால் யார்தான் தங்குவார்கள்? அவர் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மகன் அதன்பிறகும் நெடுநாள் மூன்றரை மணிக்குக் கதவருகில் நின்றான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வழியில்லை. புதிய ஆள் கிடைக்கும்வரை கைப்பணத்தில் மணிக்கு 20 டாலர் கொடுத்து ஒரு கல்லூரி மாணவியை வைத்துக்கொண்டேன். அதுவும் போதாமல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். ஒப்பந்த வேலை என்பதால் அது அப்படியே முடிந்துபோனது. மொத்தத்தில் அந்த ஒரு தள்ளிவைப்பைச் சுற்றி எங்கள் குடும்பம் இழந்தது பல ஆயிரம் டாலர். உதவியாளர் விஷயத்தில் ஒரு மாற்றுவழி இருக்கிறது: ஏஜென்சி மூலமாக இல்லாமல், உதவியாளரைக் குடும்பமே தேர்ந்து நியமிக்கும் முறையை வேய்வர் அனுமதிக்கிறது. அதில் காகித வேலை அதிகம். ஆனாலும் ஆளைத் தக்கவைக்கும் பிடி நம் கையில் இருக்கும். மாற்றம் வரும் என்று பேச்சு எழும்போதே இதைப் பற்றி, பிள்ளையின் சேவைகளை ஒழுங்குசெய்துதரும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

2023 ஏப்ரல் 1 என்ற தேதி பிப்ரவரியிலேயே அக்டோபர் 1 ஆயிற்று. ஜூலையில், பட்ஜெட் எப்போது வரும் என்று தெரியவில்லை, சட்டமன்றத்தின் அதிகாரமும் தேவைப்படுகிறது என்று சொல்லி, தேதி எதுவும் குறிப்பிடாமலே மறுபடியும் தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டுதான் நான் ராலேயில் உள்ள சட்டமன்றத்துக்கு முதன்முறையாகப் போனேன். ஜோன்ஸ் தெருவில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைய எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். சிவப்புக் கம்பளம் விரித்த படிகளில் ஏறிப்போனால் மேல்மாடத்தில் உட்கார்ந்து அவை நடப்பதைப் பார்க்கலாம். மெடிக்கெய்ட் மேற்பார்வைக் குழு கூடும் அறைகளிலும் பொதுமக்களுக்கு நாற்காலிகள் இருக்கின்றன. அங்கே கேட்ட வாதங்களில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. ஒப்பந்தங்கள் முடியாமல் தொடங்கினால் மக்கள் மருத்துவரின்றி நிற்பார்கள் என்றது ஒரு தரப்பு. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நிறுவனங்கள் ஆள் சேர்த்து, கணினி வாங்கிச் செய்த செலவு வீணாகிறது, மருத்துவமனைகளுக்கும் ஒப்பந்தம் போடும் அவசரம் போய்விடுகிறது என்றது மறுதரப்பு. தள்ளிவைப்பதா வேண்டாமா என்பதே இருவருக்கும் கேள்வி. தள்ளிவைக்கப்பட்ட அந்த மாதங்களில் பயனாளிக்கு யார் பொறுப்பு என்று நான் இருந்த நேரத்தில் எவரும் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டுத் தள்ளிவைப்பு சரியான முடிவு என்றே நான் இன்றும் சொல்வேன்; அதைச் செய்த விதத்தில்தான் குறை. தள்ளிவைக்கும் உத்தரவோடு மூன்று விஷயங்கள் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்: புதிய திட்டத்தின் தொடக்கத் தேதியைக் கண்டு ரத்து செய்யப்பட்ட மருத்துவ நேரங்களை மருத்துவமனைகள் மீட்டுத்தர வேண்டும், எந்தத் திட்டத்திடம் கேட்கப்பட்ட முன் அனுமதியாக இருந்தாலும் அது செல்லுபடியாக வேண்டும், நேரடி உதவியாளர்களுக்கான கட்டணம் இடைக்காலத்தில் குறையாது என்று எழுத்தில் உறுதி தரவேண்டும். இதைத்தான் என் பகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரிடம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கூடவே 3,400 டாலர் பில்லின் நகலையும், ஒரே நடைமுறைக்கு மூன்று வெவ்வேறு தொடக்க நாள்களைக் குறிப்பிட்ட மூன்று கடிதங்களையும் வைத்தேன். அந்த இளைஞர் கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வெகுநேரம் பார்த்தார். உறுப்பினருக்கு இதை நானே விளக்குகிறேன் என்றார். ஒரு வாரத்துக்குள் அவர்கள் அலுவலகத்திலிருந்து சுகாதாரத் துறைக்கு எழுதினார்கள், என் முறையீடு அதன்பிறகுதான் நகர்ந்தது. உறுப்பினர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் போங்கள். நம் மக்கள் பலர் வாக்குரிமை இல்லாததால் தயங்குகிறார்கள். அந்த முகவரியில் வசிக்கிறோம் என்பது போதும், அங்கே யாரும் என்னிடம் குடியுரிமையைக் கேட்கவில்லை.

அந்த ஆண்டுப் பட்ஜெட், ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே அக்டோபரில் சட்டமாகி, 2024 ஜூலை 1 என்ற தேதியைக் கொடுத்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது: இந்தச் சேவைகளை நடத்திவந்த ஆறு வட்டார அமைப்புகளை நான்காகக் குறைத்தார்கள். அதனால் சில கவுண்டிகளில் (மாவட்டம் போன்றவை) இருந்தவர்களுக்குப் புதிய திட்டம் தொடங்கும் முன்பே அமைப்பு மாறிப்போனது, ஒருங்கிணைப்பாளரும் மாறினார். தள்ளிவைப்புக் காலத்தில் எதுவும் மாறாது என்று நம்பியிருந்தவர்கள் அங்கேயும் தடுமாறினார்கள். ஒருங்கிணைப்பாளர் மாறுகிறார் என்று கேள்விப்பட்டால், அவர் போகும் முன்பே பிள்ளையின் ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், அனுமதிக்கப்பட்ட மணிநேரங்கள், கடைசி மதிப்பீடு ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்த நகல்கள் இருந்ததால்தான், கணினியில் குறைந்துபோயிருந்த மணிநேரங்களைப் பின்னால் மீட்க முடிந்தது.

டெய்லர்டு பிளான் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு 2024 ஜூலை 1 அன்று உண்மையாகவே தொடங்கியது. முதல் சில மாதங்களுக்கு, ஒப்பந்தம் இல்லாத மருத்துவரையும் தொடர்ந்து பார்க்கலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு வந்த சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. அந்த ஆண்டில் மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. திட்டத்தின் தொலைபேசி எண்ணை அழைத்தால், அவன் வயதுவந்தவன், அவனோடுதான் பேசுவோம் என்கிறார்கள். பத்துச் சொற்களுக்கு மேல் பேசாத பிள்ளை அவன். தொலைபேசியைக் காதில் வைத்தால் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டுச் சிரிப்பான், அவ்வளவுதான். தள்ளிப்போகாமல் முதலில் சொன்ன நாளிலேயே தொடங்கியிருந்தால், எல்லாப் பதிவுகளும் நான் தாயாகப் பேசக்கூடிய காலத்திலேயே முடிந்திருக்கும். கவுண்டி நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்தில் அவனுக்காக முடிவெடுக்கும் காப்பாளர் உரிமைக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வரும்வரை மருந்துக் கடையில் ஒரு முறை முழுப்பணத்தையும் நாங்களே கொடுத்து வலிப்பு மருந்து வாங்கினோம். பிள்ளைக்குப் பதினேழரை வயது ஆகும்போதே இந்த விண்ணப்பத்தைத் தயார் செய்யத் தொடங்குங்கள். முழுக் காப்பாளர் உரிமை வேண்டாம் என்று கருதுகிறவர்கள், பிள்ளை புரிந்து ஒப்புதல் தரக்கூடிய நிலையில் இருந்தால், அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கான படிவத்தையாவது திட்டத்தில் முன்கூட்டிக் கொடுத்து வையுங்கள்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 2025 அக்டோபரில், சட்டமன்றத்தில் போதிய நிதி ஒதுக்குவதில் உடன்பாடு ஏற்படாததால், மெடிக்கெய்ட் மருத்துவர்களுக்கும் சேவை வழங்குநர்களுக்கும் கொடுக்கும் கட்டணத்தை மாநிலம் 3 முதல் 10 விழுக்காடு வரை குறைத்தது. வழக்குகளுக்குப் பிறகு டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டு மாதங்களிலும் எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் புதியவர்களைச் சேர்க்கவில்லை. இத்தகைய விவாதம் இனியும் வரும். அப்போது சேவையைக் குறைப்பதாகவோ மறுப்பதாகவோ திட்டத்திடமிருந்து கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் தேதியை முதலில் பாருங்கள். திட்டத்திடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால், ஏற்கெனவே கிடைத்துவரும் சேவை முடிவு வரும்வரை நிற்காமல் தொடரவேண்டுமானால், கடிதம் அனுப்பப்பட்ட 10 நாளுக்குள், அல்லது குறைப்பு நடைமுறைக்கு வரும் முன், தொடரச் சொல்லிக் கேட்டாக வேண்டும். 60 என்பதைப் பார்த்து நிதானமாக இருந்து, இந்த 10 நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். திட்டமும் மறுத்தால் மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்தில் நேர்மையான விசாரணை கேட்கலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பயனாளிகளின் குறைகளைக் கேட்டு உதவும் மெடிக்கெய்ட் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் கட்டணமின்றி வழிகாட்டும், தமிழில் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம். பிள்ளைக்கு 21 வயது ஆகாமல் இருந்தால், மருத்துவத் தேவை என்று மருத்துவர் எழுதும் சிகிச்சையை, மாநிலத்தின் வழக்கமான பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது என்று கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. மேல்முறையீட்டுக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைக் குறிப்பிடுங்கள். கடிதத்தின் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே உள்ள தேதி ஒன்றாகவும் அஞ்சல் முத்திரை வேறாகவும் இருக்கும்போது, எங்கள் வழக்கில் அந்த 10 நாள் கணக்கைக் காப்பாற்றியது முத்திரைதான்.